ஒரே தொடலில் நாலு பொட்டு

சிங்கப்பெருமாள் கோயில் வட்டாரத்துப் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: ஸ்டூடியோ வாசலில் இனி யாரும் சைக்கிள் நிறுத்தலாம். காற்றைப் பிடுங்கிவிட ஆளில்லை. ஸ்டூடியோக்காரர் தனசேகர் அண்ணாத்த போய்விட்டார். மாரடைப்பு. செய்தி வந்தபோது, காலையில் அவர் பிடுங்கிய காற்றைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன்.

துக்க வீட்டில் எல்லாரும் "தங்கமான மனுஷன்" என்றீர்கள். தங்கம்தான், சாவி தொலைந்த பீரோவில் இருக்கிற தங்கம். எடுத்த கல்யாண வீடியோவையெல்லாம் துண்டு துண்டாக்கி நாலு ஹார்டு டிஸ்கில் மாறி மாறி எழுதும் பெட்டி வைத்திருந்தார். வேகம் பறக்கும். ஒன்று போனால் நாலும் போச்சு.

"ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கலாமே, அண்ணாத்த?"

"காப்பி அடிக்கிறதெல்லாம் உன் பரீட்சையோட வெச்சுக்க. எடத்த காலி பண்ணு."

சாவதற்கு முந்தின வாரம் பெட்டி புகைந்தது. டிஸ்குகளைக் கழற்றி பிஸ்கட் டப்பாவில் கலந்து போட்டவர், எது முதல், எது கடைசி என்று ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பொண்டாட்டிக்குக்கூட.

தன் கல்யாண வீடியோவைக் கேட்டு மாமல்லபுரத்திலிருந்து ஸ்டெல்லா அக்கா வந்து உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் முடிந்த மாதமே அவர் அப்பா தவறிவிட்டார். "எங்கப்பா ஆடுனது அதுல மட்டும்தான்டா கீது."

பொத்தேரி கம்ப்யூட்டர் நிபுணர், "வரிசையும் தெரியாது, எவ்ளோ எழுதிட்டு அடுத்த டிஸ்குக்குத் தாவும்னும் தெரியாது, நம்மால ஆவாது" என்று கைவிரித்தார். நான் விரிக்கவில்லை. அண்ணாத்தைக்குப் பிடிக்காத வேலையை முதலில் செய்தேன்: நாலுக்கும் காப்பி எடுத்தேன். பிறகு அதில் வரிசையை மாற்றி மாற்றிப் பார்த்தேன். திரையில் ஸ்டெல்லா அக்காவின் நெற்றி வரும், கீழே வெறும் சாம்பல் பட்டை. செத்தும் கெடுக்கிற ஆளைத் திட்டிக்கொண்டே மாற்றினேன்.

ஒரு நாள் மாலை முகம் முழுசாக வந்தது. அடுத்த வீடியோவில் அவர் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடினார். ஸ்டெல்லா அக்கா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஊரெல்லாம் என் மூளையைப் பற்றிப் பேசியது, பேசவைத்தது நான்தான்.

சரி, சொல்லிவிடுகிறேன். எழுதும் அளவைத்தான் நான் தட்டித் தடவிக் கண்டுபிடித்தேன். வரிசையைச் சொன்னது அவர் மனைவி அமுதா அக்கா. ஆயுத பூஜை சந்தனம் டிஸ்குகளில் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இன்னாடா முழிக்கிற? உங்க அண்ணாத்த ஒருவாட்டி சந்தனத்தத் தொட்டா பொட்டில கீற வரிசையிலயே நாலுக்கும் இழுப்பாரு. கெட்டியா இருக்கறது மொதல்ல. மங்க மங்க அடுத்தது."

அவருடைய கஞ்சத்தனம்தான் சாவி. சந்தனம் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் நாலாவது டிஸ்கை நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். சைக்கிளை மட்டும் இன்னும் அந்த வாசலில் நிறுத்தவில்லை. பயமாக இருக்கிறது.