சித்தி கழித்த முப்பத்தெட்டு உருளைகள்

என் சித்தியால் சும்மா உட்கார முடியாது. சாப்பிடும்போது கால் ஆடும். பேருந்தில் ஏறினால் பயணச்சீட்டை எட்டாக மடிப்பார். ஆனால் பார்ப்பதோ அசையாமல் பார்க்க வேண்டிய வேலை. உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அளவு அறை அவர் பொறுப்பு. இருபது மில்லிமீட்டர் எஃகு உருளை இரண்டு மைக்ரான் தடித்தாலும் கழித்துவிட வேண்டும். தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அது. பதினோரு வருடங்களில் சித்தி கழித்ததை யாரும் திரும்பச் சேர்த்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பதென்று தெரியாமல் வீட்டில் இருக்கும் நான்தான் அவரைக் கிளறிவிட்டேன்.

“சித்தி, மைக்ரானைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி, அப்படியே போனா எங்கயாவது நிக்குமா?”

“நல்ல கருவி இருந்தா போய்க்கிட்டே இருக்கலாம். ஏன் நிக்கணும்?”

படித்ததைச் சொன்னேன். மிகச் சின்னதைப் பார்க்க, அதைவிடச் சின்ன அலைநீளமுள்ள ஒளி வேண்டும். அலை சிறுக்கச் சிறுக்க ஆற்றல் கூடும். ஓர் எல்லைக்குக் கீழே, அந்த ஆற்றலே அங்கே ஒரு கருந்துளையை உண்டாக்கி, பார்க்க வந்ததை மூடிவிடும் என்கிறது கணக்கு. வெளி என்பதே மணல்போல் துகள்களாலானதா, அல்லது நம்மால் அளக்க மட்டும் முடியாதா என்று யாருக்கும் தெரியாது. எந்தச் சோதனையும் அந்த அளவின் பக்கத்தில்கூடப் போனதில்லை.

“அளக்கப் போறதே அளவைக் கெடுக்குதா? அதெப்படி?” சித்தி அந்த வாரம் முழுக்க இதையே கேட்டுக்கொண்டிருந்தார், பல் தேய்க்கும்போதுகூட.

அதே வாரத்தில் முப்பத்தெட்டு உருளைகளைக் கழித்தார். எல்லாமே சாணை இயந்திரம் ஓட்டும் ஒருவர் தேய்த்தவை. தொழிற்சாலையில் அவருக்குப் ‘பொறி’ என்று பெயர். சனிக்கிழமை மாலை அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“ஏம்மா, காலையில சரின்னு சொன்ன பீஸ் மத்தியானம் எப்படித் தடிச்சுது? அதுக்கும் சாப்பாடு போட்டியா?”

“கருவி பொய் சொல்லாது, அண்ணே.”

“இருபது வருஷமா மெஷின்ல நிக்கிறேன். திங்கக்கிழமையிலேர்ந்து அட்டைப்பெட்டி மடிக்கச் சொல்லிட்டாரு மேனேஜர். வீட்ல இன்னும் சொல்லல.”

சித்தி கைப்பையிலிருந்து, கழித்த உருளை ஒன்றை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டத் தொடங்கினார்.

“அடைகாக்குறியா? குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு குடு.”

சித்தியின் கைகள் நின்றுவிட்டன. அளவு அறை எப்போதும் இருபது டிகிரி. உருளைகள் அங்கேயே கிடந்து குளிர்ந்த பிறகு, கையுறை போட்டுத்தான் எடுக்க வேண்டும். இந்த வாரம் மதியங்களில் யோசனையிலேயே கையுறையைக் கழற்றி, உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பத்து டிகிரி சூடு ஏறினால் போதும், அந்த உருளை இரண்டு மைக்ரானுக்கு மேல் பெருத்துவிடும்.

ஞாயிறு முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். “கருவியில கோளாறுன்னு எழுதிடுங்களேன்,” என்றேன்.

“கருவி என்னடி பாவம் பண்ணிச்சு?”

திங்களன்று எல்லா உருளைகளையும் மதியம் வரை குளிரவிட்டு, கையுறையோடு மறுபடி அளந்தார். முப்பத்தொன்று சரியாக இருந்தன. ‘வெறுங்கையால் எடுத்து அளந்தேன். தவறு என்னுடையது’ என்று எழுதி மேனேஜரிடம் நீட்டினார். ஆறு மாதத்துக்குச் சித்தியின் கையெழுத்துக்குக் கீழே இன்னொருவரும் போட வேண்டும் என்று உத்தரவானது. பொறி அன்றைக்கே அட்டைப்பெட்டிகளை விட்டு எழுந்தார்.

“மிச்சம் ஏழு?” என்று சித்தியிடம் கேட்டாராம்.

“அது உங்க கைதான், அண்ணே. மூணு தடவை பார்த்துட்டேன்.”

திட்டிக்கொண்டே இயந்திரத்துக்குப் போனாராம்.

என்னால்தானே எல்லாம் என்று மன்னிப்புக் கேட்கப் போனேன்.

“அதை விடு. நம்ம கை சூடு ஆறிடும். அந்தக் கடைசி அளவுல, ஆற வெச்சு அளக்க வழியே கிடையாதா?”

“தெரியாது, சித்தி. யாருக்குமே தெரியாது.”

“யாருக்குமே தெரியாதுன்னா, நீ ஏன் சும்மா உட்கார்ந்திருக்கே?”