புஷ்பம் டீச்சர் கூட்ட மறந்த 273

புதன்கிழமை காலை வெஞ்சனத்துக்கு முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மருமகள் போனைப் பார்த்துவிட்டு, "அத்தை, உங்க புஷ்பம் டீச்சர் தவறிட்டாகளாம்" என்றாள். அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டேன். அவரிடம் பிளஸ் ஒன் பிசிக்ஸ் படித்தவர்கள் வடமதுரை, நத்தம் என்று எங்கெங்கோ இருப்பீர்கள். அந்த லேபைக் கூட்டிய சரசு எழுதுகிறேன்.

ஒருநாள் டீச்சர் காற்றுக்கு எடை காணும் கணக்கு நடத்தினார். சுவரில் மாட்டிய பாரோமீட்டரில் அழுத்தத்தையும், தெர்மாமீட்டரில் சூட்டையும் பார்த்துக் கணக்குப் போட்டால், ஒரு மீட்டர் நீள அகல உயரமுள்ள பெட்டிக்குள் எத்தனை கிலோ காற்று என்று தெரியும். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வர வேண்டுமாம். பலகையில் வந்தது பதினொன்று. திரும்பப் போட்டார், பதினொன்றேதான்.

"பாரோமீட்டர ஈரத்துணியால தொடச்சியா சரசு? கெடுத்துட்டியே!" என்றார், வகுப்பே பார்க்க. நான் அதைத் தொட்டதே இல்லை. மதியமே தலைமை ஆசிரியை நாளை முதல் வர வேண்டாம் என்றார். தற்காலிக வேலை, அதை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது.

தூக்குச்சட்டியை எடுக்க லேபுக்குப் போனேன். "நான் தொடச்சா காத்து பத்து மடங்கு கனக்குமா டீச்சர்? அம்புட்டுக் கனம்னா கூட்டுறப்ப என் வாரியல் அசையுமா?" என்று கேட்டேன். டீச்சர் பலகையைப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்தார். அந்தக் கணக்கில் சூட்டோடு இருநூற்று எழுபத்து மூன்றைக் கூட்ட வேண்டும். அவர் தெர்மாமீட்டர் காட்டிய வெறும் முப்பதைப் போட்டிருந்தார்.

என் கையைப் பிடித்துத் தலைமை ஆசிரியையிடம் இழுத்துப் போனார். அப்புறம் அதே வகுப்பில், "தப்பு பாரோமீட்டர்லயும் இல்ல, சரசுகிட்டயும் இல்ல. எங்கிட்ட" என்றார். அதன்பின் வருடாவருடம் அந்தக் கணக்கைத் தொடங்கும்போது, "எதக் கூட்ட மறந்து யாரை வெரட்டப் பாத்தேன்?" என்பார். "இருநூத்தி எழுபத்தி மூணு! சரசக்கா!" என்று பிள்ளைகள் கத்துவீர்கள். நான் வாசலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்பேன்.

முதல் மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. தினமும் எனக்கென்று இட்லி கொண்டுவருவார். நாலாம் மாதம் தின்றேன். சட்னியில் உப்பில்லை, அதையும் சொன்னேன்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். படுத்தபடியே, "இன்னும் கோவமா சரசு?" என்றார்.

"இருக்கு."

"எம்புட்டு?"

"ஒரு பெட்டிக் காத்து அம்புட்டு."

"அப்ப ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல" என்று இருமும்வரை சிரித்தார்.

அந்த ஒரு கிலோவை நான் வைத்துக்கொள்கிறேன். யார் கேட்டாலும் குறைப்பதாக இல்லை.