நாலாயிரத்துப் பத்தொன்பது

டயாலிசிஸ் கட்டிலில் நாலு மணி நேரம் கிடப்பவருக்கு டிவி போதும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் நினைத்திருந்தார்கள். என் கணவருக்குப் போதவில்லை. ஆயுள் முழுக்க ஒரு கம்பெனியில் கணக்குப் பார்த்தவர். இடது கையில் ஊசி ஏறியிருக்க, வலது கை சும்மாதானே இருக்கிறது என்று ஒருநாள் பேனா கேட்டார்.

அவருடைய ஆஸ்பத்திரி அட்டை எண் 201034399. அது பகா எண்தானா, அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாததா என்று அவர் கண்டுபிடிக்க வேண்டுமாம். சின்னப் பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போக வேண்டும். பதினாலாயிரத்துச் சொச்சம் வரை ஒன்றாலும் வகுபடாவிட்டால் தீர்ந்தது. நான் போனில் பட்டியலைப் பார்த்துச் சொல்வேன், அவர் வகுப்பார். "மீதி இருக்கு. அடுத்தது." எனக்குக் கணக்கு என்றாலே ஆகாது. இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு நான் எடுபிடி.

"அங்கிளே, கை அனக்கல்லே" என்று நர்ஸ் மலையாளத்தில் அடிக்கடி அதட்டுவாள். அசைக்காமல்தான் வைத்திருப்பார், பாவம்.

மாதங்கள் ஓடின. ஊசி குத்தக்கூட இடமில்லாமல் கை வீங்கிப்போனது. ஸ்ரீவராகத்து வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் ஒருநாள் சொன்னார்: "இந்த நம்பர் முடியட்டும். அதோட நேக்குப் போறும். பின்னே என்னை இங்கே கொண்டு வராதே, கேட்டயா?"

டயாலிசிஸை நிறுத்தினால் அதிக நாள் தாங்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு வந்த கோபத்தில், வீடு வந்ததும் அவரை விட்டுவிட்டு முன்னால் உள்ளே போய்விட்டேன்.

அவர் தூங்கிய பிறகு அந்த எண்ணைப் போனில் தட்டினேன். ஒரு நொடியில் விடை வந்தது: 4019 × 50021. பகா எண் இல்லை. நாங்களோ அப்போது நாலாயிரத்தைத் தொட்டிருந்தோம்; அடுத்த முறையே வகுபட்டு எல்லாம் முடிந்துவிடும். இவ்வளவு பெரிய எண் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் உடைந்தால் என்ன கேடு என்று அதைத் திட்டினேன்.

மறுமுறை போனபோது, "நாலாயிரத்துப் பதிமூணு" என்றேன். வகுத்தார், மீதி இருந்தது. அடுத்ததை விழுங்கிவிட்டு, "நாலாயிரத்து இருபத்தொண்ணு" என்றேன். அதற்கும் மீதி இருந்தது. ஆனால் பேனா நின்றுவிட்டது. இரண்டே இரண்டு வித்தியாசத்தில் ஜோடியாக வரும் பகா எண்கள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். காகித ஓரத்தில் கொஞ்ச நேரம் ஏதோ போட்டுப் பார்த்தார்.

"இருபத்தொண்ணுக்குப் பத்தொன்பது ஜோடியாக்கும். அதை விட்டுட்டயேடி."

நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"வகுத்துப் பாக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம்னா" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சரி, அழாதே. அடுத்தது சொல்லு."

நாலாயிரத்து இருபத்தேழு என்றேன். கர்க்கடக மாதத்து மழையில் அவர் போய்ச் சேரும்வரை, இனி வகுத்து ஒரு பயனுமில்லை என்று தெரிந்தும், நான் சொன்ன ஒவ்வொன்றாலும் வகுத்துக்கொண்டே இருந்தார்.