ராகலை வீட்டுக் கேமரா

ராகலைப் பக்கம் திருட்டு கூடிவிட்டதாகக் கேள்விப்பட்டதிலிருந்து எனக்குக் கொழும்பில் இருப்புக் கொள்ளவில்லை. அம்மா என்னோடு வந்துவிட்டதால் அங்கே தேயிலைத் தோட்ட லயத்தில் இருக்கும் எங்கள் வீடு பூட்டித்தான் கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாசலுக்கு மேலே கேமரா மாட்டிவிட்டு வந்தேன். இனி இங்கிருந்தே ஃபோனில் பார்க்கலாம், பேச்சையும் கேட்கலாம்.

அதில் திருடன் வரவில்லை. அடுத்த வீட்டு அக்காதான் வந்தார். கொழுந்து பறிக்கப் போகும்போது தினமும் முகத்தைக் காட்டி, "தம்பி, சாப்பிட்டியா? அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கு?" என்பார். எங்கள் வாசல் பாத்தியில் லீக்ஸ் பிடுங்கினால் தூக்கிக் காட்டி, "ரெண்டு எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். எரிச்சலாக வரும். ஆனால் அந்த முகத்தைப் பார்க்காத காலையில் எனக்குத் தேத்தண்ணி இறங்காது.

போன வாரம் ஃபோனைத் திறந்தால் ஒரே வெள்ளை. எவனோ கேமராவை மூடிவிட்டு உள்ளே புகுந்துவிட்டான் என்று பதறி அக்காவுக்கு அழைத்தேன்.

"அதுவா? மழையில நனையுதேன்னு நான்தான் சொப்பிங் பேக்கப் போட்டுக் கட்டினேன்."

"அப்புறம் எப்படிக்கா திருடனைப் பாக்குறது?" என்று கத்திவிட்டேன்.

அக்கா சிரித்தார். "ஒன் கேமராவுக்கே நான்தானடா காவல் இருக்கேன்."