நொட்டை சார் கேட்ட கோப்பு

அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் நொட்டை. முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் நொட்டை. மற்றவர்கள் எழுதும் கணினி நிரல்களைச் சோதித்துப் பிழை சொல்வதுதான் அவர் வேலை. அதற்குச் சம்பளம் வாங்குகிறவர் பிழை சொல்லாமல் கொஞ்சவா செய்வார்? ஆனால் மனிதர் மின்விசிறி சுற்றும் சத்தத்தைக்கூட விட்டுவைக்க மாட்டார். அடுத்த மேசைப் பெண்ணுக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

அவளுடைய அண்ணன் பேருந்து நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் இருந்தவர். வாய் ஓயாத ஆள். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்ததும் குரல் போய்விட்டது. மருத்துவமனைக் கணினியில் ஒரு நிரல் இருந்தது. அண்ணன் அதில் தனக்கு வேண்டிய வாக்கியங்களை எழுதிவைத்திருந்தார்; பொத்தானைத் தொட்டால் அதற்குரிய வாக்கியத்தைப் பேசும். அதைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்துவிட்டால் அண்ணன் கவுண்டருக்குத் திரும்பலாம். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் கிடங்கில் மூட்டை எண்ண வேண்டியதுதான் என்று பேருந்து நிலைய மேலாளர் சொல்லிவிட்டார். கிடங்குக்குப் போனால் அண்ணன் மனசு உடைந்துபோவார், அது அவளுக்குத் தெரியும்.

முதலாளி அனுமதியோடு அந்த வேலையை அவளே முடித்தாள். நொட்டை பார்க்காமல் எதுவும் வெளியே போகக்கூடாது என்பது அலுவலக வழக்கம். வேண்டா வெறுப்பாக அவரிடம் நீட்டினாள்.

"எதை வச்சும்மா சோதிச்சீங்க?"

"நானே கொஞ்சம் வாக்கியம் எழுதி வச்சிருந்தேன் சார்."

"நீங்க எழுதினதை உங்க நிரல் ஒழுங்காத்தான் படிக்கும். உங்க அண்ணன் ஆஸ்பத்திரிக் கணினியில வச்சிருக்கிற கோப்பைக் கொண்டாங்க."

முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கிவந்தாள். வாக்கியங்களெல்லாம் எக்ஸ்எம்எல் என்ற வகைக் கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. அதைக் கைப்பேசியில் ஏற்றியதும் பாதிப் பொத்தான்கள் ஊமையாகின. மீதி உளறின. 'கடைசிப் பேருந்து போய்விட்டது' என்பதைத் தொட்டால், 'கழிப்பறை இடது பக்கம்' என்றது கைப்பேசி.

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள். கோப்பைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அண்ணன் தன் கண்ணுக்கு வசதியாக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே ஒரு வெற்று வரி விட்டிருந்தார். கணினி அந்த இடைவெளிகளைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனது. கைப்பேசியோ ஒவ்வோர் இடைவெளியையும் ஒரு வாக்கியமாக எண்ணிக்கொண்டது. அவள் எழுதிய மாதிரிக் கோப்பில் இடைவெளியே கிடையாது.

"இந்த வெற்று வரியெல்லாம் அழிச்சிட்டா சரியாயிடும் சார்."

"இன்னிக்கு அழிப்பீங்க. நாளைக்கு அவர் புதுசா ஒண்ணு சேர்ப்பாரு, திரும்ப வரி விடுவாரு. கவுண்டர்ல உக்காந்துக்கிட்டு யாரைக் கூப்பிடுவாரு? அவர் இஷ்டத்துக்கு எழுதட்டும். உங்க நிரல் அதைப் படிக்கிற இடத்தைத் திருத்துங்க."

கோபம் வந்தது. அவர் சொன்னதுதான் சரி என்பதால் இன்னும் கொஞ்சம் கூடவே வந்தது. இடைவெளிகளை விட்டுவிட்டு வாக்கியங்களை மட்டும் எண்ணும்படி நிரலை மாற்றினாள். சனிக்கிழமை விடுமுறை. அன்றைக்கும் அவர் வந்து உட்கார்ந்து, பழைய கைப்பேசி, புதுக் கைப்பேசி என்று ஒன்று விடாமல் தட்டிப் பார்த்தார். கடைசியில், "போகட்டும்," என்றார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது.

திங்கட்கிழமை காலை அவள் கவுண்டருக்கு எதிரே ஒரு தூணோரமாக நின்றாள். மேலாளரும் கைகட்டி நின்றிருந்தார். வரிசையில் முதலில் நின்ற அம்மாள் பையைத் துழாவியபடியே மருத்துவமனைக்குப் போகும் வண்டி எது என்று கேட்டாள். அண்ணன் தொட்டார். "மூணாவது நடைமேடைங்க, இப்ப வந்துடும்," என்றது கைப்பேசி. "சரிப்பா," என்று அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நடந்தாள். மேலாளர் கட்டிய கையைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனார்.

அவளுக்குக் கண் நிறைந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், வரிசையில் அடுத்து நிற்பது நொட்டை சார். எந்த ஊருக்கும் போக வேண்டியிராத மனிதர், ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணனும் சளைக்காமல் பதில் சொன்னார். கேட்டு முடித்ததும் அவர் வரிசையை விட்டு விலகி, அதன் கடைசிக்குப் போய் மறுபடியும் நின்றார்.

அவள் போய் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"ரொம்ப நன்றி சார்," என்றாள்.

"இருங்கம்மா," என்றார் அவர், கண்ணைக் கவுண்டரிலிருந்து எடுக்காமல். "இன்னும் முடியலை."