பூட்டிய கேட்டுக்குள் இருபத்திமூன்று நாள்

1964-இல் தேசம் தேசமாகச் சுற்றிய காலரா காஞ்சிபுரத்துக்கும் வந்து சேர்ந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்த அம்சவேணி, காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனாள். மத்தியானம் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். காலரா வார்டில் வேலை செய்தவர்கள் நோய் ஓயும்வரை வெளியே போகக் கூடாதாம். வீட்டில் அவளுக்கு எட்டு மாதக் கைக்குழந்தை.

சாயங்காலத்துக்குள் மார்பில் பால் கட்டிக்கொண்டது. குளியலறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

புருஷன் கலியாணசுந்தரம் தினமும் தறியை நிறுத்திவிட்டுக் குழந்தையோடு வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பான்.

"பசும்பால் குடிக்குதா?"

"குடிச்சிட்டுக் கக்கிக்கினு இருக்குது. நீ எப்பதாம்மா வருவே?"

"என்னக் கேட்டா? பூட்டுனவங்களக் கேளு!"

உள்ளே நர்ஸ் எல்சா இருந்தாள்; அவள் கடல் தாண்டி வந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. புத்தகத்தில் படித்த தமிழில், "நீர் அருந்தினீரா?" என்பாள். நோயாளிகள் விழிப்பார்கள். "தண்ணி குடிச்சியாமா?" என்று அம்சவேணி கேட்ட பிறகுதான் தலையாட்டுவார்கள்.

ஒன்பதாம் நாள், தென்னேரியிலிருந்து வந்து காலரா வார்டில் கிடந்த அங்கம்மாள் இறந்துபோனாள். அவளுடைய இரண்டு மாதப் பிள்ளை புட்டிப்பாலைத் தொடவில்லை. எல்சா அதை ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"இதற்கு நோய் இல்லை. பால் தருவீரா?"

"எம்புள்ள அங்க காயுது. இதுக்கு நான் ஊட்டணுமா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள் அம்சவேணி. பிள்ளையின் அழுகை தேய்ந்துகொண்டே வந்தது. ரவிக்கை தானாக நனைந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

எல்சா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "என் தாயார் நோயுற்றிருக்கிறார். வா என்று கடிதம். நான் போக இயலாது." அம்சவேணிக்கு அந்தத் தமிழ் முழுதும் புரிந்தது.

மறுநாள் கம்பி வழியாகப் புருஷனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"நம்ம புள்ளைக்கு மிச்சம் வைப்பியா?" என்றான்.

இருபத்திமூன்றாம் நாள் கேட்டைத் திறந்தார்கள். அன்று காலைதான் அங்கம்மாளின் புருஷன் தென்னேரியிலிருந்து வந்து, கும்பிட்டுவிட்டு, பிள்ளையை வாங்கிக்கொண்டு போயிருந்தான். அம்சவேணி வீட்டுக்கு ஓடினாள். அவள் பெற்ற குழந்தை அவளைப் பார்த்து வீறிட்டு அப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

மூன்று நாள் அவளிடம் வரவே இல்லை. நாலாம் நாள் தவழ்ந்து வந்து மடியில் ஏறியது. அதுவரை பகலோ இரவோ வீட்டுக் கதவைச் சாத்த அவள் யாரையும் விடவில்லை.