மாப்பிள்ளை நாய்

கலியாணம் முடித்து ஆரையம்பதியில் மனைவி வீட்டுக்குக் குடிபோனபோது என் நாய் மணியும் கூடவே வந்தது. மூன்றாம் நாளே அவள் நாய் ராணியோடு பெரும் சண்டை. மணியின் காது கிழிந்தது. ஒன்றைத் துரத்தச் சொன்னார் மாமி. எதை என்று நான் கேட்கவில்லை.

அக்கரையில் என் தாய் வீட்டில் மணியை விட்டுவர வாவித் துறைக்குப் போனேன். தோணிக்காரர் ஒட்டி உலர்ந்த மனிதர். எதையும் சொல்லுமுன் தானே சிரித்துவிடுவார்; சிரிப்பில் குடுமி அவிழ்ந்துவிடும். என் கதையைக் கேட்டதும் அவிழ்ந்தது.

"அது ராணிட வீடு கா! நீங்க ரெண்டு பேரும் வந்தேறின மாப்பிள்ளயள். மாமிட மகளையும் ராணியையும் இஞ்ச கூட்டி வாங்க."

கூட்டி வந்தேன். கரைமணலில் பத்து முழம் தள்ளி, ஆளுக்கொரு நாயுடன் எங்களைப் பக்கம் பக்கமாக நடக்கவிட்டார்.

"மூஞ்சிக்கு மூஞ்சி பாக்க விடாதீங்க. நடங்க!"

சுற்றுக்குச் சுற்று நெருங்கினோம். ஐந்தாம் சுற்றில் ராணி மணியின் காதை நக்கியது. மனைவி துள்ளினாள். நான் விசிலடித்தேன். அவர் குடுமியைத் தேடினார்.

புறப்படும்போது மறுபடி சிரித்தார். "வீட்டுக்குள்ள போகக்குள்ள பொம்பிள முன்னுக்கு. மாப்பிள்ள மறுகா."

வாசலில் ராணி முதலில் நுழைந்தது; மணி பின்னால் போனது. அவர் ராணியைத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எதற்கும் நானும் ஒதுங்கி மனைவிக்கு வழிவிட்டேன்.

பிறகு அந்த வீட்டில் யாரும் கடிபடவில்லை.